ஹாஸ்டைல் (ஆங்கிலச் சொல்)

ஹாஸ்டைல் என்பது பகைமை கொண்ட, எதிர்ப்பு மனப்பாங்குடைய, நட்பற்ற ஆகிய பொருள்களைத் தரும் ஆங்கிலப் பெயரடைச் சொல் ஆகும். பொது வழக்கில் இது ஒருவருடைய மனநிலையையோ நடத்தையையோ குறிக்கின்றது. சட்டம், போரியல், வணிகம், உளவியல் முதலிய துறைகளில் இச்சொல் தனித்தனியான கலைச்சொற் பொருள்களைப் பெற்றுள்ளது. அத்துறைகள் சிலவற்றில் இதனைப் "பகைமை" என்று நேரடியாக மொழிபெயர்த்தால் பொருள் பிழைபடும். நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் ஹாஸ்டைல் விட்னஸ் என்னும் தொடர், தமிழில் பிறழ்சாட்சி எனப்படுவது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

ஒலிப்பும் இலக்கணமும்

பிரித்தானிய ஆங்கிலத்தில் இச்சொல் "ஹாஸ்டைல்" என ஒலிக்கப்படுகின்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் இதுவே வழக்கு. அமெரிக்க ஆங்கிலத்தில் இறுதி அசை குறுகி, ஏறத்தாழ "ஹாஸ்ட்ல்" என ஒலிப்பதுண்டு. அப்பொழுது மாணவர் விடுதியைக் குறிக்கும் ஹாஸ்டல் என்னும் சொல்லுக்கும் இதற்கும் ஒலிப்பில் வேறுபாடு இராது. எனவே கேட்பவர் சூழலைக் கொண்டே பொருளை அறிய வேண்டும்.

இதன் பெயர்ச்சொல் வடிவம் ஹாஸ்டிலிட்டி என்பதாகும். ஒருமையில் இது பகைமை உணர்வைக் குறிக்கும். பன்மையில் ஹாஸ்டிலிட்டீஸ் என வரும்போது பெரும்பாலும் போர்ச் செயல்களைக் குறிக்கும். வினையடை வடிவமான ஹாஸ்டைல்லி மிக அரிதாகவே வழங்குகின்றது. ஆங்கிலேயர் அதற்குப் பதிலாக "பகைமையான முறையில்" என்னும் பொருள்படும் தொடரையே விரும்புவர். பகைமை யார்மீது அல்லது எதன்மீது என்பதைக் காட்ட டு, டுவர்ட்ஸ் ஆகிய முன்னிடைச் சொற்கள் இதனுடன் சேர்கின்றன. "அவர் புதிய திட்டத்திற்கு ஹாஸ்டைலாக இருக்கிறார்" என்றால், அத்திட்டத்தை அவர் கடுமையாக எதிர்க்கிறார் என்பது பொருள். திட்டத்தைக் கொண்டுவந்தவருக்கு அவர் பகைவர் என்பது இதனாற் பெறப்படாது.

சொற்பிறப்பு

இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் வழக்குப் பெற்றது. சேக்சுபியர் தம் வரலாற்று நாடகங்களில் இதனைக் கையாண்டுள்ளார். பகைவனுக்குரிய என்னும் பொருளுடைய ஹாஸ்டிலிஸ் என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம் ஆகும். அது பகைவன் எனப் பொருள்படும் ஹாஸ்டிஸ் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது.

ஹாஸ்டிஸ் என்னும் சொல் தொடக்கத்தில் பகைவனைக் குறிக்கவில்லை. அதன் பழம்பொருள் "அயலான்" என்பதாகும். உரோமை அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதனை எடுத்துரைத்துள்ளார். உரோமையரின் மிகப் பழைய சட்டத் தொகுப்பாகிய பன்னிரு பலகைகளில் இச்சொல் அயல்நாட்டவரைக் குறித்தது என்பதை அவர் சான்றாகக் காட்டுகின்றார். மொழியறிஞர் வர்ரோவும் இதே செய்தியைப் பதிவு செய்துள்ளார். காலப்போக்கில் அயலான் என்ற பொருள் மறைந்து, போர்க்களத்தில் எதிர் நிற்பவன் என்ற பொருளே நிலைபெற்றது.

இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் செருமானியக் கிளையில் இதே வேர் எதிர்த்திசையில் வளர்ந்தது. விருந்தினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான கெஸ்ட், செருமன் மொழியின் காஸ்ட் ஆகியவை ஹாஸ்டிஸ் என்ற சொல்லின் உறவுச் சொற்கள் ஆகும். உருசிய மொழியில் விருந்தினரைக் குறிக்கும் சொல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒரே வேரிலிருந்து ஒரு பக்கம் பகைவனும் மறுபக்கம் விருந்தினனும் தோன்றியுள்ளனர். வாசலில் வந்து நிற்கும் அறிமுகமற்ற மனிதனை ஏற்பதா விலக்குவதா என்ற வினாவின் இரு விடைகளும் இச்சொற்களில் பதிந்துள்ளன எனலாம்.

இலத்தீனிலேயே விருந்தோம்புபவன், விருந்தினன் ஆகிய இரு பொருளும் கொண்ட ஹாஸ்பெஸ் என்ற சொல் இருந்தது. அதுவும் இவ்வேரோடு தொடர்புடையதாகும். ஆஸ்பத்திரி என்று தமிழில் வழங்கும் ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் ஆகியவை ஹாஸ்பெஸ் வழி வந்தவை. விருந்தளிப்பவரைக் குறிக்கும் ஹோஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் வழியதே. ஆனால் பெருங்கூட்டம், படை எனப் பொருள்படும் மற்றொரு ஹோஸ்ட் ஹாஸ்டிஸ் வழி வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் அவை இரு வேறு சொற்கள் ஆகும்.

தமிழிலும் இதற்கு ஒப்பான ஒரு சொல் வரலாறு உண்டு. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியம் கூறும் எட்டு வனப்புகளுள் ஒன்றாகிய விருந்து, புதியதாகப் பாடப்படும் நூலைக் குறிக்கின்றது. புதிதாக வந்தவர் என்ற பொருளிலேயே வீட்டுக்கு வருபவர் விருந்தினர் எனப்பட்டார். இலத்தீனில் புதியவன் பகைவனானான். தமிழில் புதியவன் உணவளிக்கப்பட வேண்டியவனானான். இவ்விரு சொற்களுக்கும் பிறப்பில் தொடர்பு இல்லை. பொருள் மாறும் வழியை ஒப்பிடுவதற்கு மட்டுமே இஃது இங்குக் கூறப்படுகின்றது.

பொதுப் பொருள்கள்

பொது வழக்கில் இச்சொல்லின் பொருள்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. பகைமை உணர்வைக் காட்டுகின்ற. பார்வை, குரல், கேள்வி, கூட்டம் ஆகியவற்றுக்கு அடையாக வரும். ஹாஸ்டைலான கூட்டம் என்பது பேச்சாளரைக் கேட்க விரும்பாது கூச்சலிடும் கூட்டம் ஆகும்.

2. ஒரு கருத்தையோ செயலையோ எதிர்க்கின்ற. இங்கு எதிர்ப்பே முதன்மையானது. தனிமனித வெறுப்பு இருக்க வேண்டும் என்பதில்லை.

3. எதிரி நாட்டுக்குரிய. எதிரிப் படை, எதிரி வானூர்தி, எதிரியின் நிலப்பரப்பு போன்றவற்றைக் குறிக்க வரும்.

4. உயிர் வாழ்வதற்கு ஒவ்வாத. பாலைவனம், ஆழ்கடல், துருவப் பகுதி, விண்வெளி ஆகியவற்றைப் பற்றிக் கூறும்போது இப்பொருள் வரும். அண்டார்க்டிக்காவின் வோசுட்டாக் நிலையத்தில் 1983ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் -89.2 பாகை செல்சியசு வெப்பநிலை பதிவானது. செவ்வாய்க் கோளின் வளிமண்டல அழுத்தம் புவியினுடையதில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு. இத்தகைய இடங்கள் ஆங்கிலத்தில் ஹாஸ்டைலான சூழல்கள் எனப்படுகின்றன. இயற்கைக்குப் பகையுணர்வு இல்லை என்பதால் இது உருவக வழக்காகும். தமிழில் இதனைக் "கடுஞ்சூழல்" என்பது பொருந்தும்.

ஒத்த சொற்களும் வேறுபாடுகளும்

அன்ஃப்ரெண்ட்லி என்பது நட்புக் காட்டாத தன்மையை மட்டும் குறிக்கும். புன்னகை செய்யாத கடைக்காரர் அன்ஃப்ரெண்ட்லி ஆவார். வாடிக்கையாளரோடு சண்டைக்கு நிற்பவரே ஹாஸ்டைல் எனத் தகுவார். முன்னது நட்பின் இன்மை. பின்னது பகையின் இருப்பு.

இனிமிக்கல் என்பது தீங்கு பயக்கின்ற எனப் பொருள்படும். இது மனிதரைவிடச் சூழ்நிலைகளுக்கும் கொள்கைகளுக்கும் மிகுதியாக அடையாகின்றது. நண்பன் அல்லாதவன் எனப் பொருள்படும் இனிமிக்கஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. உரோமையர் இவ்விரு மூலச் சொற்களையும் தெளிவாக வேறுபடுத்தினர். இனிமிக்கஸ் என்பவன் ஒருவனுடைய சொந்தப் பகைவன். ஹாஸ்டிஸ் என்பவன் நாட்டின் பகைவன். முறைப்படி போர் அறிவித்தவர்களே ஹாஸ்டிஸ் ஆவர், ஏனையோர் கொள்ளையர் என்பது உரோமைச் சட்ட அறிஞர் பொம்போனியுசு தந்த விளக்கம் ஆகும்.

அட்வர்ஸ் என்பது பாதகமான எனப் பொருள்படும். பாதகமான தீர்ப்பு, பாதகமான வானிலை என்பன போல வரும். இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. பெல்லிஜரண்ட் என்பது சண்டைக்குத் துடிக்கும் இயல்பைக் குறிக்கும். ஹாஸ்டைலாக இருப்பவர் அமைதியாகவும் இருக்கலாம். பெல்லிஜரண்டாக இருப்பவர் அமைதியாக இருப்பதில்லை.

எதிர்ச்சொற்களாக ஃப்ரெண்ட்லி, அமிக்கபிள், ஹாஸ்பிடபிள் ஆகியவை வழங்குகின்றன. இவற்றுள் விருந்தோம்பும் பண்புடைய எனப் பொருள்படும் ஹாஸ்பிடபிள், ஹாஸ்டைல் என்ற சொல்லின் வேர்வழி உறவாகவும் இருப்பது குறிப்பிடத்தக்கது.

சட்டத் துறையில்

பிறழ்சாட்சி

ஒரு வழக்கில் ஒரு தரப்பினரால் அழைக்கப்பட்ட சாட்சி, அத்தரப்புக்கு மாறாகச் சாட்சியம் அளிக்கும்போது அவர் ஹாஸ்டைல் விட்னஸ் எனப்படுகின்றார். தமிழில் இதற்குப் பிறழ்சாட்சி என்பது நிலைபெற்ற சொல் ஆகும். முன்பு கூறியதிலிருந்து பிறழ்ந்தவர் என்பது இதன் கருத்து. பகைமை என்னும் பொருளைத் தவிர்த்து நிகழ்வை மட்டும் கூறுவதால், இவ்விடத்தில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லினும் துல்லியமானது எனலாம். ஏனெனில் பிறழ்சாட்சிகள் பலர் எவர்மீதும் பகை கொண்டவர்கள் அல்லர். அச்சம், அச்சுறுத்தல், பணம், உறவினரின் வற்புறுத்தல், வழக்கு நீண்டதால் ஏற்படும் சலிப்பு ஆகியனவும் பிறழ்வுக்குக் காரணங்கள் ஆகின்றன. காவல்துறை முதலில் பதிவு செய்ததே தவறாக இருந்து, நீதிமன்றத்தில் உண்மை கூறப்படுவதும் உண்டு.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் சேம்சு பிட்சுசேம்சு சிடீபன். அச்சட்டத்தின் 154ஆம் பிரிவே இப்பொருளுக்குரியது. ஆயினும் அப்பிரிவில் ஹாஸ்டைல் என்ற சொல் இடம்பெறவில்லை. ஒரு சாட்சியை அழைத்த தரப்பே, எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடிய கேள்விகளை அவரிடம் கேட்க நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி அனுமதிக்கலாம் என்பதே அப்பிரிவின் சாரம். பொதுவாகத் தன் சாட்சியிடம் ஒரு தரப்பு, விடையைத் தன்னுள்ளேயே கொண்ட கேள்விகளைக் கேட்க முடியாது. அவரது முந்தைய வாக்குமூலத்தைக் காட்டி மடக்கவும் முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி கிடைத்தபின் இவை இயலும். இச்சட்டத்துக்குப் பதிலாக 2024ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023 என்னும் சட்டத்தில் இவ்விதி 157ஆம் பிரிவாக உள்ளது.

ஒரு சாட்சி பிறழ்சாட்சியாகி விட்டால் அவர் கூறிய அனைத்தும் அழிந்துவிடும் என்ற கருத்து மக்களிடையே பரவலாக உள்ளது. இது தவறாகும். இந்திய உச்ச நீதிமன்றம் 1975இல் பகவான் சிங் எதிர் அரியானா மாநிலம், சத் பால் எதிர் தில்லி நிருவாகம் ஆகிய வழக்குகளில் இதனைத் தெளிவுபடுத்தியது. அத்தகைய சாட்சியின் கூற்றில் நம்பத் தகுந்த பகுதி இருப்பின் நீதிமன்றம் அதனை எச்சரிக்கையுடன் ஏற்றுக்கொள்ளலாம். 154ஆம் பிரிவிலும் 2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் இக்கருத்து சேர்க்கப்பட்டது. சத் பால் வழக்கில் நீதிமன்றம், பகைச் சாட்சி, பாதகச் சாட்சி என்னும் ஆங்கிலச் சட்டக் கலைச்சொற்கள் இங்கிலாந்தில் குழப்பத்தை உண்டாக்கியதையும், இந்தியச் சட்டம் அச்சொற்களைத் தவிர்த்து நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டதையும் எடுத்துக்காட்டியது.

சாட்சிகள் பிறழ்வதன் விளைவை உணர்த்திய இரண்டு வழக்குகள் நாடு முழுவதும் பேசப்பட்டன. 2002ஆம் ஆண்டு குசராத் வன்முறையின்போது வடோதராவில் பெசுட்டு பேக்கரி என்னும் இடத்தில் 14 பேர் கொல்லப்பட்டனர். சாட்சிகள் பலர் பிறழ்ந்த நிலையில் 2003இல் குற்றஞ்சாட்டப்பட்ட 21 பேரும் விடுவிக்கப்பட்டனர். 2004இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை மகாராட்டிர மாநிலத்தில் மறுவிசாரணை செய்ய ஆணையிட்டது. 1999இல் தில்லியில் செசிக்கா லால் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கிலும் முக்கிய சாட்சிகள் பிறழ்ந்தனர். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அதே ஆண்டு திசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு வாழ்நாள் சிறைத் தண்டனை விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

சாட்சிகளுக்குப் பாதுகாப்பு அளிக்காமல் பிறழ்வைத் தடுக்க இயலாது என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. 2018ஆம் ஆண்டு திசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018 என்பதை ஏற்று, உரிய சட்டம் இயற்றப்படும் வரை அதனைச் சட்டமாகவே கருத வேண்டும் என்றது. குற்றவியல் நடைமுறைக்கான 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம், தனது 398ஆம் பிரிவில், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஒவ்வொரு மாநில அரசும் உருவாக்க வேண்டும் என்று கூறுகின்றது.

எதிரிடை அனுபவம்

பிறருக்குரிய நிலத்தைச் சட்டம் குறிக்கும் காலம் முழுவதும் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாளரின் உரிமைக்கு எதிராக வைத்திருப்பவர் கோரும் உரிமை எதிரிடை அனுபவம் எனப்படும். இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்துக்கு இக்காலம் 12 ஆண்டுகள். அரசு நிலத்துக்கு 30 ஆண்டுகள். இத்தகைய அனுபவம் ஹாஸ்டைலாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புகள் கூறுகின்றன. இங்கு அச்சொல் சண்டையையோ வெறுப்பையோ குறிப்பதில்லை. உரிமையாளரின் அனுமதியின்றி, அவர் உரிமையை மறுத்து வைத்திருத்தல் என்பதே பொருள். வாடகைதாரர் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அவரது அனுபவம் அனுமதியின் பேரில் ஆனது என்பதால் இவ்வகையில் சேராது.

பணியிடம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல் ஒரு வங்கிப் பெண் ஊழியரின் வழக்கில், பணியிடத்தைப் பகைமை மிக்க சூழலாக்கும் பாலியல் தொல்லையும் சட்டத்துக்குப் புறம்பான பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் இத்தொடர் இடம்பெற்றுள்ளது. இங்கு ஒருவர் ஒரு முறை கடுமையாகப் பேசினார் என்பதைவிட, பணிபுரிய இயலாத சூழல் உருவாக்கப்பட்டதா என்பதே வினா ஆகும்.

போரியலில்

1907ஆம் ஆண்டின் ஏக் உடன்படிக்கைகளுள் ஒன்று போர்ச் செயல்களைத் தொடங்கும் முறை பற்றியது. நிலப்போர் விதிகளின் 42ஆம் உறுப்பு, ஒரு நிலப்பகுதி எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் உண்மையாகவே வந்தபோதுதான் அது ஆக்கிரமிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்கின்றது. 1949ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் உறுப்பு, போர்ச் செயல்களில் பங்கேற்காதவர்களை மனிதநேயத்துடன் நடத்த வேண்டும் என்கின்றது. ஆகவே ஒருவர் அச்செயல்களில் பங்கேற்றாரா இல்லையா என்பது அவரது உயிர் தொடர்பான வினா ஆகின்றது.

போர்ச் செயல்கள் நிற்பதும் போர் முடிவதும் ஒன்றல்ல. கொரியாவில் 1953இல் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்பாட்டால் சண்டை நின்றது. அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

நேட்டோ படைகளின் வரைபடக் குறியீடுகளில் நட்புப் படை நீலத்திலும் எதிரிப் படை சிவப்பிலும் காட்டப்படும். நடுநிலைக்குப் பச்சையும், அறியப்படாததற்கு மஞ்சளும் உரியன. அறியாதவரைப் பகைவராகக் கொள்ளாது தனி நிறம் கொடுத்திருப்பது இங்குக் கருதத் தக்கது.

வணிகத்தில்

ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு விரும்பாத நிலையில், பங்குதாரர்களிடமிருந்து நேரடியாகப் பங்குகளை வாங்கி அந்நிறுவனத்தைக் கைப்பற்ற முயல்வது ஹாஸ்டைல் டேக்ஓவர் எனப்படும். இது சட்டத்துக்கு உட்பட்ட நடவடிக்கையே. நட்பு முறை, பகை முறை என்னும் பாகுபாடு இயக்குநர் குழுவின் இசைவைப் பொறுத்தது. பங்குதாரர்களின் நலனைப் பொறுத்ததன்று.

பிரித்தானியாவின் வோடபோன் நிறுவனம் 1999இல் செருமனியின் மன்னெசுமன் நிறுவனத்தைக் கைப்பற்ற மேற்கொண்ட முயற்சி இத்தகையது. அது 2000 பிப்ரவரியில் இரு தரப்பு உடன்பாட்டில் முடிந்தது. சென்னையைச் சேர்ந்த இந்தியா சிமெண்ட்ஸ் 1998இல் ராசி சிமெண்ட் நிறுவனத்தைக் கைப்பற்றியதும், லார்சன் அண்டு டூப்ரோ 2019இல் மைண்ட்ரீ நிறுவனத்தைக் கைப்பற்றியதும் இந்திய எடுத்துக்காட்டுகள் ஆகும். இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் செபி விதிமுறைகளின்படி, ஒருவர் 25 விழுக்காடு வாக்குரிமையை எட்டும்போது, ஏனைய பங்குதாரர்களிடமிருந்து மேலும் குறைந்தது 26 விழுக்காட்டை வாங்க வெளிப்படையாக முன்வர வேண்டும்.

உளவியலில்

பிறருடைய தெளிவற்ற செயலைத் தீய நோக்கத்துடன் செய்யப்பட்டதாகக் கருதும் போக்கு, பகைநோக்கம் கற்பிக்கும் சாய்வு எனலாம். கூட்டத்தில் ஒருவர் நம்மை இடித்துச் செல்லும்போது அது தற்செயலா வேண்டுமென்றே செய்ததா என்று தெரியாத நிலையில், இரண்டாவதையே உடனடியாக நம்புவது இதற்கு எடுத்துக்காட்டு. கென்னத் டாட்சு 1980இல் வெளியிட்ட ஆய்வு, முரட்டுத்தனம் மிக்க சிறுவர்களிடம் இப்போக்கு மிகுதி எனக் காட்டியது.

ஊடகங்களைப் பற்றிய மற்றொரு ஆய்வு 1985இல் வல்லோன், ராசு, லெப்பர் ஆகியோரால் வெளியிடப்பட்டது. 1982ஆம் ஆண்டு பெய்ரூத்தில் நிகழ்ந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இசுரேல் ஆதரவு மாணவர்களும் அரபு ஆதரவு மாணவர்களும் பார்த்தனர். அச்செய்திகள் தம் தரப்புக்கு எதிரானவை என்றே இரு சாராரும் கருதினர்.

பிரித்தானியக் குடிவரவுக் கொள்கை

உரிய ஆவணமின்றி வாழும் குடிவரவாளர்களுக்கு வாழ்க்கையைக் கடினமாக்கி அவர்களைத் தாமாகவே வெளியேறச் செய்யும் நோக்குடைய பிரித்தானிய அரசின் கொள்கை ஹாஸ்டைல் என்விரான்மெண்ட் எனப் பெயர் பெற்றது. 2012இல் அப்போதைய உள்துறைச் செயலாளர் தெரேசா மே இத்தொடரைப் பயன்படுத்தினார். 2014, 2016ஆம் ஆண்டுகளின் குடிவரவுச் சட்டங்கள் வழியாக வீட்டு உரிமையாளர்களும் வங்கிகளும் ஆவணச் சோதனை செய்ய வேண்டியவராயினர்.

1948இல் எம்பயர் விண்ட்ரசு என்னும் கப்பல் கரீபியப் பகுதியிலிருந்து வந்தது. அது முதல் பிரித்தானியாவில் சட்டப்படி குடியேறிய தலைமுறையினர் பலரிடம் தம் உரிமையைக் காட்டும் ஆவணங்கள் இருக்கவில்லை. அவர்களுள் சிலர் வேலையையும் மருத்துவ உதவியையும் இழந்தனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். 2018இல் இது வெளிப்பட்டபோது அரசு மன்னிப்புக் கோரியதுடன் கொள்கையின் பெயரையும் மாற்றியது. அயலானைக் குறித்த பழைய இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல், இருபத்தோராம் நூற்றாண்டில் மீண்டும் அயலாரைப் பற்றிய ஆட்சித் தொடராக ஆனதை இங்குக் காண்கிறோம்.

தமிழாக்கம்

ஹாஸ்டைல் என்ற சொல்லுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் இல்லை. தமிழில் பகை, இகல், செற்றம், காழ்ப்பு, மாறுபாடு எனப் பல சொற்கள் உள்ளன. திருக்குறளில் இகல், பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல், உட்பகை ஆகிய நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்து பகையின் வகைகளைப் பிரித்துக் காட்டுகின்றன. மொழிபெயர்ப்போர் சூழலுக்கேற்பப் பின்வருமாறு கையாளலாம்.

* மனநிலையைக் குறிக்கும்போது: பகைமை மிக்க, காழ்ப்புடைய
* கருத்து எதிர்ப்பைக் குறிக்கும்போது: எதிர்ப்பான, மாறுபட்ட
* படையைக் குறிக்கும்போது: எதிரி, பகை
* சாட்சியைக் குறிக்கும்போது: பிறழ்சாட்சி
* நில அனுபவத்தைக் குறிக்கும்போது: எதிரிடையான
* நிறுவனத்தைக் கைப்பற்றுவதைக் குறிக்கும்போது: இசைவற்ற, வலிந்த
* இயற்கைச் சூழலைக் குறிக்கும்போது: கடுமையான, வாழத் தகாத

இவற்றையும் பார்க்க

* பகைமை
* விருந்தோம்பல்
* பிறழ்சாட்சி
* எதிரிடை அனுபவம்
* இந்தியச் சாட்சியச் சட்டம்
* செனீவா உடன்படிக்கைகள்